படகின் அடியும் பிள்ளையின் பல்லும்: கடற்கரைப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 பிறந்தால் எங்கள் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை கட்டுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டுவார்கள். பள்ளிக்கும் அந்த நாட்களில் பெரும்பாலும் விடுமுறைதான். பிள்ளைக்குப் பல் பழக்கம் ஒன்றைப் புதிதாகத் தொடங்க நம் பக்கத்தில் இதைவிடத் தோதான சமயம் கிடையாது. காரணம் எளிது. அப்பா ராத்திரியில் வீட்டில் இருப்பார்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை, பல் டாக்டர் அல்ல. என் இரண்டு பிள்ளைகளின் வாயிலும் வகுப்புப் பிள்ளைகளின் வாயிலும் பார்த்தது, டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, தப்புச் செய்து கற்றுக்கொண்டது, எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது. அவர்கள் தங்கள் தொழிலுக்கு ஏற்ற ஒரு மாதத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

முதல் படி: பிரஷை எடுப்பதற்கு முன் படகைக் காட்டுங்கள்

"பல்லில் பூச்சி இருக்கிறது, கடித்துவிடும்" என்று பயமுறுத்துவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அப்பத்தா காலத்திலிருந்து வந்த பேச்சு இது. பயந்த பிள்ளை வாயைத் திறக்காது. அதைவிட, கரையேற்றிய படகுக்கு அருகே கூட்டிக்கொண்டு போய் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொஞ்ச நாள் தண்ணீரில் கிடந்த பலகையில் முதலில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். துணியால் துடைத்தால் போய்விடும். அதை அப்படியே விட்டால் பாசி வரும், அப்புறம் சிப்பி ஒட்டும். சிப்பி ஒட்டிய பிறகு துணியால் துடைத்து என்ன பயன்? உளி மாதிரி ஒன்றை வைத்துச் சுரண்ட வேண்டும். பல்லிலும் இதே கதைதான். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பல் மேல், குறிப்பாக ஈறை ஒட்டிய ஓரத்தில், வழவழப்பான படலம் படியத் தொடங்கும். அது முழுக்கக் கிருமிகள். மெத்தென்று இருக்கும்போது பிரஷ் பட்டாலே போய்விடும். நாள்கணக்கில் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு இறுகிக் காரையாகிவிடும். காரையைப் பிரஷ் அசைக்காது, டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். தினமும் ஏன் துலக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் வகுப்பில் இதுவரை இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

அடுத்து, சொத்தை எப்படி விழுகிறது என்பதைக் காட்ட ஒரு சிப்பி ஓடு போதும். கரையில் கிடக்கும் மட்டி ஓடு ஒன்றை எடுத்து, ஒரு தம்ளரில் எலுமிச்சைச் சாறு ஊற்றிப் போடுங்கள். குமிழி குமிழியாக நுரைக்கும். ராமேஸ்வரம் பக்கம் சங்கும் சிப்பியும் கழுவும் இடத்தில் ஆசிட் நுரைப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். ஒரு ராத்திரி ஊறவிட்டு மறுநாள் விரலால் தேய்த்தால் ஓட்டின் மேல்பக்கம் மாவாகக் கையில் வரும். பல்லும் ஓடும் ஒரே பொருள் இல்லை. ஓடு சுண்ணாம்பு, பல்லின் மேலோடான எனாமல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. ஆனால் அமிலம் பட்டால் இரண்டும் கரையும். வாயில் அந்த அமிலத்தை உண்டாக்குவது கிருமிகள். அவற்றுக்குத் தீனி நாம் தின்னும் சர்க்கரை. (சோதனைக்குப் பவளப்பாறைத் துண்டை எடுத்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் செத்த பவளத்தைப் பொறுக்குவதும் சட்டப்படி குற்றம்.)

இரண்டாம் படி: கரியைத் தூரப் போடுங்கள்

நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேலங் கரியை இடித்து உப்புச் சேர்த்துப் பல் தேய்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சில இடங்களில் உமிக்கரி, சில இடங்களில் சாம்பல், கடலோரத்தில் ஈரமணல்கூட. தேய்த்ததும் பல் பளிச்சென்று தெரியும், அதனால்தான் நம்புகிறோம். கரடுமுரடான பொடி அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, எனாமலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தெடுக்கிறது. எனாமல் ஒரு தடவை போனால் திரும்ப வளராது. பெரியவர்கள் பழக்கத்தை மாற்றாவிட்டாலும் போகட்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதைக் காட்டி என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வேல் நாட்டுக் கருவேலம். இப்போது கண்மாயையும் தரிசையும் மூடிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இல்லை. இது பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த மரம். கண்ட குச்சியையும் ஒடித்துப் பிள்ளை வாயில் கொடுப்பதற்குப் பழமொழி பொறுப்பாகாது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பாமார் மிஸ்வாக் குச்சி வைத்திருப்பார்கள். உகாய் மரத்தின் வேர் அது. நுனியை மென்று தும்பாக்கி, ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி மெல்லத் தேய்த்தால் படலத்தை நன்றாகவே எடுக்கும். வளர்ந்தவர்களுக்குச் சரி. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் கடைவாயின் உள்பக்கத்துக்கு அது எட்டாது, அதில் ஃபுளூரைடு பேஸ்டின் காப்பும் இல்லை. மிஸ்வாக்கும் இருக்கட்டும், ராத்திரி பிரஷும் இருக்கட்டும்.

பிரஷ் வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டுதான்: தலை சின்னதாக இருக்க வேண்டும், தும்பு மிருதுவாக இருக்க வேண்டும். விலையோ பொம்மைப் படமோ முக்கியமில்லை. ஆனால் பிள்ளையே நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு ஒரு பற்று வரும். ஒருவர் பிரஷை இன்னொருவர் எடுக்கக் கூடாது, அண்ணன் தங்கையாக இருந்தாலும் சரி. கழுவி, உதறி, தலை மேலே இருக்கும்படி நிறுத்திக் காய விடுங்கள்.

பேஸ்டில் ஃபுளூரைடு இருக்க வேண்டும். கரைந்துபோன தாதுவை மறுபடி பல்லில் ஏற்ற உதவுவது அதுதான். பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஃபுளூரைடு அளவு 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 'குழந்தைகளுக்கு' என்று விற்கும் சில பேஸ்டுகளில் ஃபுளூரைடு இதைவிடக் குறைவு, சிலவற்றில் அறவே இல்லை. அளவில்தான் கவனம் வேண்டும். 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு. 3 முதல் 6 வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலைபோல் பிதுக்குகிறார்களே, அது பேஸ்டைச் சீக்கிரம் தீர்க்கும் வழி. பிள்ளை கையில் ட்யூபைக் கொடுக்காமல் நீங்களே பிதுக்கிக் கொடுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று விழுங்கும் பிள்ளைகள் உண்டு.

மூன்றாம் படி: கை உங்களுடையது

பெரும்பாலான வீடுகளில் தவறுவது இங்கேதான். நான்கு வயதில் பிரஷைக் கொடுத்து "போய்த் துலக்கிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம். பிள்ளை முன்பல்லில் நாலு இழுப்பு இழுத்து, பேஸ்டைத் தின்றுவிட்டு வரும். வலைக் கண்ணுக்கு ஒழுங்காக முடிச்சுப் போட வராத வயதில், கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்துக்கு மட்டும் கை எப்படிப் பழகும்? 7 அல்லது 8 வயதுவரை பெரியவர் ஒருவர்தான் துலக்கிவிட வேண்டும். பிள்ளையும் துலக்கட்டும். அது அதன் முறை. அடுத்தது உங்கள் முறை.

3 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் மடியில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலை உங்கள் மடியில், கால் மறுபக்கம். இருவர் இருந்தால் எதிரெதிரே முட்டியோடு முட்டி சேர்த்து உட்கார்ந்து, ஒருவர் மடியில் தலையும் இன்னொருவர் மடியில் காலுமாகக் கிடத்தினால் இன்னும் வசதி. வாய் முழுக்கத் தெரியும். பெரிய பிள்ளையைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, நீங்கள் பின்னால் நின்று, அதன் பின்னந்தலையை உங்கள் நெஞ்சில் சாய்த்துக்கொள்ளுங்கள். இடது கை விரலால் உதட்டை விலக்குங்கள்.

பிரஷைக் கொஞ்சம் சாய்த்து, தும்பில் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்ன வட்டம். பாத்திரம் விளக்குகிற மாதிரி அழுத்தித் தேய்த்தால் ஈறுதான் தேயும். தும்பு ஒரு மாதத்திலேயே விரிந்துவிட்டால் யாரோ அழுத்துகிறார்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு நேரம் என்றால் இரண்டு நிமிடம். அதைப் பிள்ளைக்கு நிமிடமாகச் சொல்லாமல் எண்ணிக்கையாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மேல்வரிசையை வலது, நடு, இடது என்று மூன்றாகப் பிரியுங்கள். கீழ்வரிசையும் அப்படியே. ஆக ஆறு. ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம், உள்பக்கம். ஆகப் பன்னிரண்டு. ஒவ்வோர் இடத்திலும் நிதானமாகப் பத்து எண்ணினால் 120, அதாவது இரண்டு நிமிடம். மெல்லும் பரப்பு நான்கையும் முன்பின்னாக இழுத்து, கடைசியில் நாக்கை ஒரு தடவை வருடிவிட்டால் வேலை முடிந்தது. என் வகுப்பில் இந்தப் பன்னிரண்டு இடத்துக்கும் பிள்ளைகளே பெயர் வைத்திருக்கிறார்கள்: பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று. ரயில் மாதிரி வரிசையாகப் போக வேண்டும், ஸ்டேஷன் விட்டுப்போகக் கூடாது. தனுஷ்கோடிக்கு 1964 புயலுக்குப் பிறகு ரயிலே இல்லை என்று ஒரு பையன் திருத்தினான். அதனால்தான் அந்த இடத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. அது கீழ்க்கடைவாயின் உள்பக்கம், நாக்கு மறைக்கும் இடம்.

முடிந்ததும் துப்பச் சொல்லுங்கள். கொப்பளிக்க வேண்டாம், அல்லது ஒரே ஒரு மடக்கு போதும். சொம்பு சொம்பாகக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளூரைடும் போய்விடும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிற நம் ஊர்களில் இது இரட்டை லாபம். உப்புத்தண்ணீர் பிடிக்காமல்தான் பல பிள்ளைகள் பல் துலக்க அழுகின்றன. குடம் இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரில் கால் தம்ளர் இதற்கு ஒதுக்குங்கள். அதற்கு மேல் தேவையே இல்லை.

துலக்கியது சரியா என்று பார்க்க ஒரு வேடிக்கை: எப்போதாவது ஒரு நாள், துலக்குவதற்கு முன் ஒரு பீட்ரூட் துண்டை மென்று துப்பச் சொல்லுங்கள். படலம் இருக்கும் இடத்தில் சிவப்பு கூடுதலாகத் தங்கும். பிறகு கண்ணாடியைப் பார்த்து அதை எடுக்கச் சொல்லுங்கள். என் பிள்ளைகள் வாரம் ஒரு முறை செய்யச் சொல்லிக் கெஞ்சினார்கள். பீட்ரூட்டைத் தின்ன மட்டும் மாட்டார்கள்.

நான்காம் படி: ராத்திரியை விடாதீர்கள்

ஒரு வேளைதான் முடியும் என்றால் எந்த வேளை? ராத்திரிதான். நம் ஆட்கள் காலையைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் பல் விளக்குவது என்றாலே நமக்கு விடியற்காலை வேலை. ஆனால் வாயைக் காப்பது எச்சில். அமிலத்தைக் கழுவுவதும் தாதுவைத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான். தூங்கும்போது எச்சில் மிகக் குறைவாகச் சுரக்கும். அழுக்கோடு படுத்தால் கிருமிகளுக்கு எட்டு மணி நேரம் தடையில்லாமல் கிடைக்கிறது.

மீனவர் வீட்டில் ராத்திரிக்கு ஒழுங்கான நேரம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். படகு வரும் நேரம், மீன் ஏலம் போகும் நேரம், குழம்பு கொதிக்கும் நேரம் எல்லாம் நாளுக்கு நாள் மாறும். அதனால் 'எட்டு மணிக்கு' என்று வைக்காதீர்கள். வேறொன்றோடு கட்டுங்கள். பாய் விரிப்பதற்கு முன் என்று வைத்தேன் நான். பாய் என்றைக்கும் விரித்துத்தானே ஆக வேண்டும். துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும். அதற்குப் பின் கடலிலிருந்து வந்த அப்பா ஆசையாகப் பொட்டலத்தை நீட்டினாலும் காலையில்தான். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பிள்ளை முன்னால் சண்டை வேண்டாம்.

நோன்பு மாதத்தில் நோன்பு வைக்கும் பெரிய பிள்ளைகள் விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டை முடித்ததும் துலக்கிவிட வேண்டும். இரவு கடைசியாகத் தின்ற பிறகு இன்னொரு முறை. பகலில் வாய் காய்ந்திருக்கும், அதனால் ஸஹர் வேளையை விடக் கூடாது.

ஈறு பற்றிக் கொஞ்சம்

நல்ல ஈறு பல்லை இறுகப் பிடித்திருக்கும், தொட்டால் ரத்தம் வராது. பிரஷ் பட்டு ரத்தம் வந்தால் பலர் அந்தப் பக்கம் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். படலம் தேங்கி ஈறு வீங்கியதால்தான் ரத்தம். மிருதுவாக, ஆனால் விடாமல் அதே இடத்தைத் துலக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால், அல்லது மூக்கிலிருந்தும் ரத்தம், உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டு, விடாத காய்ச்சல் என்று சேர்ந்து வந்தால், பல் டாக்டருக்காகக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: கருப்பட்டி என்றால் தப்பிவிட முடியாது

கருப்பட்டி காய்ச்சும் சாயல்குடி, கடலாடிப் பக்கத்துக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. "சீனிதான் கெடுதி, கருப்பட்டி உடம்புக்கு நல்லது" என்று பாலில் தாராளமாகத் தட்டிப் போட்டுக் கொடுக்கிறோம். சீனி, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற ஒரே சர்க்கரைதான். பல்லில் இருக்கும் கிருமி பனையா கரும்பா என்று பார்ப்பதில்லை. பதநீருக்கும் இதே கணக்கு. நுங்கு பரவாயில்லை, அதில் இனிப்பு குறைவு.

அதற்காக எதையும் தின்னக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும் என்பதுதான் பெரிது. ஒவ்வொரு தடவை இனிப்புத் தின்றதும் வாயில் அமிலம் ஏறி, எச்சில் அதை அடக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகிறது. ஐந்து மிட்டாயைச் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் தின்றால் ஒரு தாக்குதல். அரை மணிக்கு ஒன்றாகச் சப்பினால் பிற்பகல் முழுக்கப் பல் அமிலத்தில் ஊறுகிறது. கீழக்கரைத் தொதலை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பலகாரம், ஆனால் பல் இடுக்கில் அது பிடிப்பதுபோல் எதுவும் பிடிக்காது. தின்னட்டும், மதியச் சாப்பாட்டோடு தின்னட்டும். ராத்திரி படுக்கும்போது வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படுவது தொதலை அல்ல, டீயை. விடியற்காலை படகு கிளம்பும்போது எழும் வீட்டில் பிள்ளைக்கும் ஒரு தம்ளர் இனிப்பு டீ, அதில் தோய்த்த வருக்கி. பள்ளிக்கு வந்தால் ஐந்து ரூபாய்ப் பாக்கெட். சாயங்காலம் மறுபடி டீ. இடையில் கலர் சோடா. வருக்கியும் பாக்கெட் சிப்ஸும் இனிப்பாகத் தெரியாவிட்டாலும் மாவாகிப் பல்குழியில் அப்பிக்கொண்டு அமிலத்தைத்தான் உண்டாக்கும். டீயில் சீனியைப் பாதியாக்குங்கள், அதற்கடுத்த மாதம் அதிலும் பாதி. கலர் குடித்த கையோடு பல் துலக்க வேண்டாம். அதில் இருக்கும் அமிலத்தால் எனாமல் கொஞ்சம் இளகியிருக்கும், வாயைத் தண்ணீரால் அலசிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

மாற்றாக என்ன கொடுப்பது என்று கேட்டால் நம் கரையிலேயே இருக்கிறது: அவித்த கடலை, பனங்கிழங்கு, கொய்யா, தேங்காய்ச் சில்லு. குழம்பில் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் சாளையும் பல்லுக்கு வேண்டிய கால்சியத்தைத் தாராளமாகத் தரும். காசு கொடுத்துக் கால்சியப் பொடி வாங்கும் வீட்டில் நெத்திலி சந்தைக்குப் போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

வயதுக்கு வயது கவனிக்க வேண்டியது

பல் முளைப்பதற்கு முன்பே பாலூட்டிய பின் ஈரமான சுத்தத் துணியால் ஈறைத் துடைத்துப் பழக்குங்கள். பின்னால் பிரஷுக்குப் பிள்ளை வாயைத் திறக்கும். ஆறு மாத வாக்கில் முதல் பல் எட்டிப் பார்த்ததும் பிரஷ் தொடங்கலாம். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள். மேல் முன்பற்கள் வரிசையாகக் கரைந்து போவது இதனால்தான். ஒரு வயதுக்குள் தேன் தடவுவது வேண்டாம், அது பல்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தாகலாம். பெரியவர்கள் மென்ற சோற்றை ஊட்டுவது பாசம்தான், கூடவே பெரியவர் வாயின் சொத்தைக் கிருமிகளும் குடி போகின்றன. பல் முளைக்கிறது என்று கடும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவற்றுக்கு வேறு காரணம் இருக்கும், காட்ட வேண்டும்.

இரண்டரை, மூன்று வயதில் 20 பால் பற்களும் வந்துவிடும். மாதம் ஒரு முறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் பேஸ்டும் டாக்டர் பூசும் ஃபுளூரைடு வார்னிஷும் சேர்ந்து அதைத் திருப்பிவிட முடியும். பழுப்பாகிக் குழி விழுந்தபின் அடைக்கத்தான் வேண்டும்.

இப்போது ஆறு வயது. இதை நான் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் மூத்தவள் இரண்டாம் வகுப்பில் ஒரு ராத்திரி கடைவாய் வலிக்கிறது என்று அழுதாள். பார்த்தேன், கடைசிப் பல்லில் கறுப்புக் குழி. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று கிராம்பை வைத்துத் தூங்கவைத்தேன். அப்படியே சில மாதம் ஓடியது. கன்னம் வீங்கிய பிறகு கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் கேட்டார்: "இது பால் பல் என்று யார் சொன்னது?" ஆறு வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால் மேலும் கீழுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவற்றுக்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. அதனால் வந்ததே வீட்டில் தெரியாது. ஆயுளுக்கும் அவைதான். அவளுடையதில் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

எனவே ஆறாவது பிறந்தநாள் வந்தால் கடைசிப் பல்லைத் தேடுங்கள். பாதி ஈறுக்குள் இருக்கும்போது அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருக்கும், நேராகப் போகும் பிரஷ் அதன் மேல் படாது. கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்கே கொண்டுபோய்த் துலக்க வேண்டும். மேல்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருந்தால் டாக்டர் அவற்றை ஒரு பிசின் ஊற்றி மூடிவிடுவார். சீலன்ட் என்பார்கள். துளைக்கத் தேவையில்லை, வலியும் கிடையாது.

அதே வயதில் கீழ் முன்பல் பால் பல்லுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக முளைப்பதுண்டு. என் இளையவனுக்கு அப்படி வந்ததும் "எனக்குச் சுறாப் பல்!" என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான். பெரும்பாலும் பால் பல் தானே ஆடி விழுந்து, நாக்கு புதுப் பல்லை முன்னால் தள்ளிவிடும். சில வாரமாகியும் ஆடவே இல்லை என்றால் காட்டுங்கள். சுறாவுக்குப் பல் விழ விழ ஆயுள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும், நமக்கு இரண்டே தடவை என்பதைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நாள் அமையாது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவதெல்லாம் இருக்கட்டும், அதில் பிள்ளைக்கு ஒரு சந்தோஷம்.

பால் பல்தானே என்று சொத்தையை விட்டுவைப்பதும் சரியில்லை. பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். காலத்துக்கு முன்பே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து வழியை அடைக்கும், நிலைப்பல் கோணும்.

பத்து வயதுக்கு மேல் பையன்களிடம் இன்னொன்றையும் பேச வேண்டும்: புகையிலைப் பாக்கெட். குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. ஆனாலும் கைக்குக் கை மாறுகிறது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, வாய் முன்புபோல் அகலத் திறக்காமை, காரம் பட்டால் எரிச்சல் இவற்றைப் பார்த்தால் திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

தண்ணீரைச் சோதியுங்கள்

ஆழ்குழாய்த் தண்ணீரை வருஷக்கணக்கில் குடிக்கும் வீடு என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஃபுளூரைடு அளவைப் பார்த்துவிடுவது நல்லது. லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5. அதற்கு மேல் போனால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். அப்படிப்பட்ட ஊரில் குடிக்கும் தண்ணீரை மாற்ற வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறவர்கள் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் போவது

வலி வந்த பிறகு முதல் தடவை போனால் பிள்ளைக்கு அந்த இடமே வலியின் இடமாகிவிடும். ஒரு வயதுக்குள் ஒரு தடவை காட்டிவிட்டு, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சும்மா போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வாருங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் அரசு மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைக் கொண்டு அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போகலாம். "ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சொத்தைக் குழியில் கற்பூரமோ புகையிலையோ வைக்கக் கூடாது. கற்பூரம் பிள்ளை வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். ஈறில் சீழ்க் கொப்புளம் வந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். கன்னத்து வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும். 108ஐக் கூப்பிடுங்கள்.

படகு ஓரத்திலும் பாலத்துச் சுவரிலும் ஏறி விளையாடும் பிள்ளைகள் நம்முடையவை. விழுந்து நிலைப்பல் முழுசாகக் கழன்று வந்தால் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் சில விநாடி அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் திருப்பிச் செருகி, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஒரு மணி தாண்டினால் குறைந்துகொண்டே போகும். கழன்றது பால் பல் என்றால் திருப்பிச் செருகக் கூடாது, அடியில் இருக்கும் புதுப் பல்லுக்குக் கேடு.

ஜூன் 14க்குப் பிறகு

தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் அன்று, ராத்திரி பல் துலக்கிவிடும் வேலை யாருக்கு என்று பிள்ளை முன்னாலேயே பேசி ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் அது அப்பத்தாவுக்குப் போனது. அவர் கண் மங்கலானதால் பீட்ரூட் நாளில் மட்டும் நான் பார்ப்பேன். ஏப்ரல் நடுவில் வாங்கிய பிரஷுக்கு மூன்று மாதம்தான் ஆயுள், ஜூலை நடுவில் புதிது வாங்க வேண்டும். அப்பா கரைக்கு வந்த அன்று பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.